ஜன்னலோரம் ஒரு முட்டை, ஒரு ஸ்பூன், ஒரு பாட்டில்

வீட்டிலேயே ஸ்டில் லைஃப், அதாவது அசையாப் பொருட்களின் படம், எடுக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பொருட்களை அழகாக அடுக்கி முடித்துவிட்டு, கடைசியில்தான் வெளிச்சத்தைத் தேடுவார்கள். இதைத் தலைகீழாகச் செய்வதே நல்லது. முதலில் ஜன்னல், அப்புறம் மேசை, பொருள் அதற்கும் அப்புறம்தான்.

நிழல் வெட்டினாற்போல விழுமா, மெல்லக் கரையுமா என்பதற்கும் விளக்கின் பிரகாசத்துக்கும் சம்பந்தமில்லை. பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. சூரியன் எவ்வளவு பெரிதானாலும் நம் வானத்தில் அது அடைத்துக்கொள்ளும் இடம் சுமார் அரை டிகிரிதான், அதனால்தான் வெயிலில் நிழல் அவ்வளவு கூர்மை. நேர் வெயில் விழாத ஒரு ஜன்னல், அகலம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 1 மீட்டர் தள்ளி ஒரு முட்டையை வைத்தால், முட்டைக்கு அந்த ஜன்னல் சுமார் 53 டிகிரி அகலத்தில் தெரியும். முட்டை ஓட்டின் ஒரு புள்ளியிலிருந்து முழு ஜன்னலும் தெரியும், கொஞ்சம் வளைந்து போனால் பாதி ஜன்னல், இன்னும் போனால் ஒரு கீற்று, பிறகு ஒன்றும் தெரியாது. வெள்ளை இழையிழையாகச் சாம்பலுக்கு மாறுவது இப்படித்தான், தட்டையான படத்தில் முட்டை உருண்டையாகத் தெரிவதும் இதனால்தான். அதையே 3 மீட்டர் தள்ளி வைத்தால் ஜன்னல் 19 டிகிரிக்குச் சுருங்கும், நிழலின் ஓரமும் இறுகிவிடும். ஜன்னலில் வெயில் அடிக்கிறதா? மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் போதும், அப்புறம் துணிதான் விளக்கு.

ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், கேமராவின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் சப்பென்று ஆகிவிடும். ஜன்னலை விட்டு விலக விலக வெளிச்சம் வேகமாகக் குறையும் என்பதால், பொருள் ஜன்னலருகிலும் பின்சுவர் நன்றாக உள்ளே தள்ளியும் இருந்தால் வெளிர் நிறச் சுவர்கூட இருண்டு தெரியும். நிழல் பக்கம் ரொம்பக் கறுத்துப்போனால் எதிரே ஒரு வெள்ளை அட்டை வைக்கலாம். ஆனால் அட்டையை மிகவும் நெருக்கி நிழலையே துடைத்துவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை.

ஸ்பூன் விஷயம் வேறு. ஒளி விழுந்த கோணத்திலேயே திரும்புவதால், பளபளப்பான உலோகத்தைப் படமெடுத்தால் அது பார்த்துக்கொண்டிருக்கும் அறைதான் படத்தில் வரும், கேமராவும் நீங்களும் உட்பட. ஸ்பூன் எதைப் பார்க்கிறதோ அங்கே வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். கண்ணாடி பாட்டிலின் தொல்லை அதன் விளிம்பு காணாமல் போவது. பாட்டிலுக்குப் பின்னால் வெளிச்சமான வெள்ளைப் பரப்பு, அதன் இரண்டு பக்கமும் படத்தின் சட்டத்துக்கு வெளியே கறுப்பு அட்டைகள் என்று அமைத்துப் பாருங்கள். நடுப்பகுதியில் வெள்ளை அப்படியே தெரியும். விளிம்பில் கண்ணாடி ஒளியைப் பலமாக வளைப்பதால், பக்கத்திலிருக்கும் கறுப்பு அங்கே வந்து மெல்லிய கோடாக நிற்கும், பேனாவால் வரைந்த மாதிரி.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பகல் ஒளி 5500 கெல்வினுக்கு அக்கம்பக்கம், மஞ்சள் பல்பு 2700. நம் மூளை இரண்டையும் சமாளித்துவிடும், கேமராவோ ஒரு படத்துக்கு ஒரே வெள்ளைச் சமநிலையைத்தான் (எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பு) போடும், ஆகவே ஒரு பக்கம் நீலமோ மஞ்சளோ படியும்.

போனில் எடுப்பதானால் மிக நெருங்காதீர்கள், முன்னால் இருக்கும் பொருள் ஊதித் தெரியும். பின்னால் நகர்ந்து 2 மடங்கு ஜூம் போதும். பெரிய கேமராவில் எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்வு), ட்ரைபாட், 2 நொடி டைமர். எஃப்/22 வரை போனால் ஒளி துளையின் விளிம்பில் சிதறி மொத்தப் படமும் லேசாக மங்கும். இன்னொன்று, கேமராவின் ஒளிமானி காட்சியின் சராசரியை நடுத்தரச் சாம்பலுக்கு இழுக்கப் பார்க்கும். அதனால் வெள்ளை விரிப்பில் வெள்ளை முட்டை வைத்தால் படம் அழுக்காக வரும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரண்டு மடங்காக, ஏற்றிவிட்டால் சரியாகிவிடும்.