தண்ணீருக்குள் வளர மறுக்கும் நெல்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காவிரி டெல்டா முங்கும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, "தண்ணி எப்ப வடியும்?" என்பதுதான். நெல் தண்ணீரில் நிற்கும் பயிரே தவிர, தண்ணீருக்குள் வாழும் பயிர் அல்ல. தலை மூழ்கி ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தால் பெரும்பாலான ரகங்கள் அழுகிவிடும். பூமி சூடாகி வரும் காலம் இது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பெய்தால் கொட்டித் தீர்க்கும் மழை இனி அதிகம் என்பதற்கு அதுவே காரணம்.

மூழ்கிய பயிரைக் கொல்வது தண்ணீர் மட்டுமல்ல, பயிரின் பதற்றமும்தான். தண்ணீருக்குள் வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். அதனால் செடி உண்டாக்கும் எத்திலீன் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். எத்திலீன் கூடியதும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வேகமெடுக்க, தண்டும் இலையும் நீர்மட்டத்தை எட்டிப்பிடிக்க விறுவிறுவென நீள்கின்றன. கலங்கிய நீரில் வெயில் போதாது, புதிதாக மாவுச்சத்து சேராது. கையிருப்பு முழுவதையும் நீள்வதற்கே செலவழித்த பயிர், வெள்ளம் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்கிறது.

ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகமோ இந்தப் பந்தயத்தில் இறங்குவதில்லை. அதன் 9ஆம் குரோமோசோமில் உள்ள சப்1ஏ என்ற மரபணுவை 2006இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். இதையும் தட்டி எழுப்புவது எத்திலீன்தான். ஆனால் எழுந்ததும் இது ஜிப்ரலினின் பேச்சைச் செடி கேட்காதபடி தடுத்துவிடுகிறது. செடி நீளாமல், சர்க்கரையைச் செலவழிக்காமல் முடங்கிக் கிடக்கிறது. இரண்டு வாரம் வரை இப்படித் தாக்குப்பிடித்து, தண்ணீர் வடிந்ததும் புதுக்குருத்து விடுகிறது.

எஃப்.ஆர். 13ஏயை நேரடியாகப் பயிரிடலாமே என்றால், விளைச்சல் கட்டாது. ஆகவே அதன் மரபணுவை மட்டும் நல்ல ரகங்களுக்கு மாற்றினார்கள். நல்ல விளைச்சல் தரும் சுவர்ணா ரகத்தோடு இனக்கலப்பு செய்து, பிறந்த செடிகளை மீண்டும் மீண்டும் சுவர்ணாவோடே சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலைத்துண்டில் டி.என்.ஏ. பரிசோதனை செய்ததால், சப்1 (சப்1ஏ அடங்கிய மரபணுப் பகுதி) எந்த நாற்றில் இருக்கிறது என்று அறிய வெள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இது சாதாரண மகரந்தச் சேர்க்கைதான், மரபணு மாற்றப் பயிர் அல்ல. சுவர்ணா சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. டெல்டா சம்பாவுக்குப் பழகிய சி.ஆர். 1009க்கும் இதே வழியில் சி.ஆர். 1009 சப்1 வந்திருக்கிறது. வெள்ளம் இல்லாத வருடத்தில் சுவர்ணா சப்1இன் விளைச்சல் பழைய சுவர்ணாவுக்குக் குறைவதில்லை. என்னைக் கேட்டால் இதன் பெரிய பலமே அதுதான். வராத வெள்ளத்துக்காக விவசாயி எதையும் இழக்க வேண்டியதில்லை.

ஆனால் வடிகால் தூர்ந்த வயலில் முழங்காலளவு நீர் மாதக்கணக்கில் தேங்கினால், நீளாத இந்தக் குணமே பாதகமாகிவிடும். அங்கே கொஞ்சம் உயரும் செடிதான் பிழைக்கும். கடலோர வயல்களில் வெள்ளத்தோடு வரும் உப்புக்கும் சப்1இடம் பதில் இல்லை. அதற்குக் கேரளத்தின் பொக்காளி நெல்லில் கண்ட சால்டால் என்ற இன்னொரு மரபணுப் பகுதி இருக்கிறது. இரண்டையும் ஒரே ரகத்தில் சேர்க்கும் வேலையில் நெல் ஆராய்ச்சியாளர்கள் இறங்கியிருக்கிறார்கள்.