பாமினியில் அடித்த கடிதமும் தொலைவில் ஓடும் மென்பொருளும்

வன்னியில் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி நன்றாகத் தெரியும். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதத்தைப் பாமினி எழுத்துருவில் அடித்து, பென்டிரைவில் கொண்டுபோய் வேறொரு கணினியில் திறந்தால் தமிழைக் காணவில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிடக்கிறது. பாமினியில் நாம் 'அ' என்று பார்ப்பது கோப்புக்குள் ஓர் ஆங்கில எழுத்தாகத்தான் பதிவாகிறது. அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது அந்தக் கணினியில் நிறுவிய எழுத்துரு. எழுத்துரு இல்லையென்றால் கடிதமும் இல்லை.

நிறுவிப் பாவிக்கிற மென்பொருள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. சிடியிலிருந்து ஏற்றினால் அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்கில் தங்கும், அதிலேயே ஓடும். ஆவணமும் அதற்குள்ளேயே. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மேகக் கணிமையில் (கிளவுட்) மென்பொருளும் ஆவணமும் இருக்கும் இந்த இடம்தான் மாறுகிறது. பெயர்தான் மேகம், உண்மையில் அது தரவு மையம் எனப்படும் பெரிய கட்டடங்களுக்குள் இரவுபகலாக ஓடும் கணினிகள். பெரிய கணினி ஒன்றை மென்பொருளாலேயே பல தனிக் கணினிகளாகப் பிரித்து வாடகைக்கு விடலாம். அமேசன் 2006 இல் இந்தச் சேவையைத் தொடங்கிய பிறகு, சொந்தமாகக் கணினி வாங்கி அடுக்காமலே சிறு நிறுவனங்களும் இணையத்தில் மென்பொருள் நடத்த முடிந்தது. கூகிளின் ஆவணச் சேவையும் அதே ஆண்டில் வந்ததுதான். 2013 இல் போட்டோஷொப் மென்பொருளைச் செய்யும் அடோபி, பெட்டியில் விற்ற தன் பழைய மென்பொருள் வரிசைக்குப் புதிய பதிப்பு இனி வராது, சந்தா மட்டுமே என்று அறிவித்தது.

சரி, உலாவியில் (பிரவுசரில்) இப்படியான ஓர் ஆவணத்தைத் திறந்தால் என்ன நடக்கிறது? மென்பொருள் நிரலின் ஒரு பகுதி அந்த நேரத்தில் உலாவிக்குள் வந்து இறங்குகிறது. புதிய பதிப்பை நாம் ஏற்ற வேண்டியதில்லை. திறக்கும்போது வருவதே புதியதுதான். அப்புறம் நாம் தட்டுவதெல்லாம் 'இந்த இடத்தில் இந்த எழுத்து' என்ற சிறு செய்தியாகத் தரவு மையத்தில் இருக்கும் சேவையகத்துக்கு (சேர்வருக்கு) போகிறது. முழுக் கோப்பும் போவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. ஒரு சங்கத்தின் கூட்டறிக்கையை வவுனியாவில் ஒருவரும் முல்லைத்தீவில் ஒருவரும் ஒரே நேரத்தில் திருத்துகிறார்கள். வவுனியாக்காரர் 3 ஆவது எழுத்தை அழிக்கிறார். அதே நொடியில் மற்றவர் 10 ஆவது இடத்தில் ஓர் எழுத்தைச் சேர்க்கிறார். அழிப்பு முதலில் போய்ச் சேர்ந்தால், பின்னால் இருப்பதெல்லாம் ஓர் இடம் முன்னே நகர்ந்துவிடும். சேவையகம் அதைக் கணக்கில் எடுத்து 10 ஐ 9 ஆக மாற்றியே சேர்க்கிறது. கடைசியில் இருவரும் பார்ப்பது ஒரே அறிக்கை. பாமினிச் சிக்கலும் இங்கே குறைவு. இந்தச் சேவைகள் யுனிகோட் முறையைப் பாவிக்கின்றன; அதில் தமிழ் எழுத்துக்குச் சொந்த எண் இருப்பதால் கைபேசியிலும் தமிழாகவே தெரியும்.

2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. எழுதியதும் ஸ்கேன் செய்ததும் வீட்டுக்கு வெளியே, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பிரதியாக இருப்பதன் பெறுமதியை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் சந்தா விலை பெரும்பாலும் டொலரில். 2022 இல் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360 அளவுக்கு ஏறியபோது, டொலர் விலை மாறாமலே ரூபாய்க் கட்டணம் எகிறியது. கட்டுவதை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும். ஆகவே கடைக் கணக்குக்கு ஒரு சேவையில் சேரும்முன், நமது கணக்கு முழுவதையும் சாதாரணக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாதென்றால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது லைன், அதாவது இணைய இணைப்பு. உள்ளூரில் சிக்னல் விழுந்தாலோ கரண்ட் போனாலோ வழி அடைபடும். நல்ல சேவைகள் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன: திருத்தங்களை உலாவியின் சேமிப்பில் வரிசையாக வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். கூகிள் ஆவணத்தில் இந்த வசதியை அமைப்புகளுக்குள் இயக்கிவைக்கலாம். அதை லைன் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். போன பிறகு இயக்க முடியாது.