அறுவடைக் காலத்து இடி

"இடி இடித்து மழை பெய்ததற்கா அந்த மக்கள் அப்படி நடுங்கினார்கள்?" பைபிளில் 1 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ராஜா வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த இஸ்ரவேலரிடம், இது கோதுமை அறுவடைக் காலம் அல்லவா என்று சொல்லிவிட்டுத்தான் தீர்க்கதரிசி சாமுவேல் இடியையும் மழையையும் கேட்டு ஜெபிக்கிறார். பதில் அந்தக் 'காலத்தில்'தான் இருக்கிறது.

இடி பிறக்கும் விதம் பள்ளியில் படித்ததுதான். மேகத்துக்குள் பனித்துகள்கள் மோதி மின்னூட்டம் பிரிகிறது. மின்னல் பாயும் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரிக்குச் சூடாகி வெடித்து விரிகிறது. சரி, அதற்கு மேகம் உறைநிலையைத் தாண்டி உயர வேண்டுமே!

குளிர்காலத்தில் அது எளிது. ஐரோப்பாப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று வெதுவெதுப்பான மத்தியதரைக் கடலைக் கடக்கும்போது, அடியில் சூடும் ஈரமும் ஏறி மேகம் மளமளவென்று எழும்பும். கடல்மேல் முழங்கி லீபனோனின் கேதுரு மரங்களை முறிக்கும் தேவசத்தத்தை 29ஆம் சங்கீதம் பாடுகிறதே, அப்படிப்பட்ட புயல்கள் இவை.

கோதுமை அறுவடை தொடங்கும் கோடையில் கடல் இன்னும் சூடு, ஈரமும் உண்டு. ஆனாலும் மழை இல்லை! உயரத்தில் இருக்கும் காற்று அங்கே கீழ்நோக்கி இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கும், அமுங்கினால் சூடாகும். கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி. இந்தச் சூடான அடுக்கு கடற்காற்றின்மேல் மூடிபோல உட்கார்ந்துகொள்ள, மேகம் முட்டி நின்றுவிடுகிறது. ஜூனுக்குப் பிறகு மூடி இன்னும் இறுகும். அதற்கு ஒரு காரணம் நம் பருவமழை என்று 1996இல் ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற வானிலை ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள். இந்தியாவின்மேல் மழை வெளியிடும் வெப்பம் வளிமண்டலத்தில் ஓர் அலையை மேற்கே அனுப்ப, அங்கே காற்று சரிந்து இறங்குகிறது.

மேலடுக்கில் அபூர்வமாகக் குளிர்காற்று புகுந்தால் மே மாதத்திலும் இடிமழை வரும். அதற்காக 'அற்புதத்தை அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று கிளம்புவது தப்பு. அறியாமையால் பயந்தார்கள் என்பதும் தப்பு. குளிர்காலம் தோறும் இடி கேட்டவர்கள் அவர்கள். அறுப்புக்கால மழை பொருந்தாத ஒன்று என்று பைபிளின் நீதிமொழிகள் நூலே சொல்கிறது. அப்புறம், முற்றிய கோதுமை நனைந்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும். வருஷத்துச் சாப்பாடு அந்த வயலில்தான் நின்றது.