முடிச்சுக்குள் ஒரு மூச்சுக் கணக்கு

“புல்லோடு குதிரை மசாலையும் கலந்து விதைத்தேன். தண்ணீருக்குக் குறை வைக்கவில்லை, யூரியாவும் போட்டேன். புல் தளதளவென்று நிற்கிறது, மசால் மட்டும் மெலிந்துகொண்டே போகிறதே, ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் தாராளமாகக் கொடுத்த அந்த இரண்டும்தான் காரணமாக இருக்கக்கூடும்.

குதிரை மசால் போன்ற பயறு இனச் செடிகளின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. செடி தரும் சர்க்கரையை வாங்கிக்கொண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றித் தருகின்றன. இது பள்ளிப் பாடம். ஆனால் அந்த முடிச்சுக்குள் இருக்கும் சிக்கலைப் பாடப்புத்தகங்கள் விரிவாகச் சொல்வதில்லை.

நைட்ரஜனை உடைக்கும் நொதியின் பெயர் நைட்ரோஜினேஸ். ஆக்சிஜன் பட்டால் அது கெட்டுப்போகும். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 வேண்டும். அவ்வளவு ஆற்றலைத் திரட்ட பாக்டீரியா சுவாசிக்க வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். இருந்தாலும் ஆபத்து, இல்லாவிட்டாலும் ஆபத்து! இதற்குச் செடி கண்ட வழியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. முடிச்சின் வெளியடுக்குச் செல்கள் நெருக்கமாக அமைந்து ஆக்சிஜன் உள்ளே வருவதைக் கட்டுப்படுத்துகின்றன. உள்ளே நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின், வரும் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துப் பாக்டீரியாவுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. அங்கே கட்டற்று உலவும் ஆக்சிஜன், காற்றுப்பட்ட நீரில் கரைந்திருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்திருந்தால் பலனில்லாத முடிச்சு. பச்சையாக இருந்தால் ஓய்ந்துவிட்டது.

இப்போது பாசனத்துக்கு வருவோம். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வயலில் தண்ணீர் தேங்கினால் முடிச்சு மூச்சுத் திணறும். மண் காய்ந்தாலோ, ஆக்சிஜன் நுழையும் வழி இறுகிக்கொள்ளும். பல பயறு இனங்களில் இலை வாடுமுன்பே நைட்ரஜன் வேலை குறைந்துவிடுகிறது. ஆகவே வேர் மண்டலம் நனைய வேண்டும், மிஞ்சிய நீர் வடியவும் வேண்டும்.

யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) சும்மா கிடைக்கும்போது செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை செலவழிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. புது முடிச்சுகளும் குறைகின்றன. புல்லோ அதே உரத்தைத் தின்று உயர்ந்து, மசாலுக்கு நிழல் கட்டிவிடுகிறது. அடர்ந்த சல்லி வேர் கொண்ட புல் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகியவற்றிலும் முந்திக்கொள்ளும். கலப்பு மேய்ச்சலில் இவற்றைக் கொடுத்தால்தான் மசால் தாக்குப்பிடிக்கும்.

‘பயறு விதைத்தாலே மண் வளமாகிவிடும்’ என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் இரும்புக்கல் மண்ணில் பயறு இன மேய்ச்சல் செடிகள் தேறாமல் கிடந்தன. குறை மாலிப்டினம் என்று 1942இல் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். நைட்ரோஜினேஸின் மையத்தில் இருக்கும் உலோகம் அது. தேவையோ ஹெக்டேருக்குச் சில பத்து கிராம்தான். அமில மண்ணில் மாலிப்டினம் இருந்தும் வேருக்கு எட்டாது, சுண்ணாம்பு இட்டால் ஓரளவு விடுபடும். கால்நடையை நம்பி வாழ்பவர்களுக்கு இத்தகைய மண் ஆய்வு எவ்வளவு உதவும்! தானியப் பயிர்களுக்கு ஒதுக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்காவது தீவனப்பயிர் வேர்களுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வாசகர் முதலில் யூரியாவை நிறுத்திவிட்டு, மண் பரிசோதனை செய்து, மணிச்சத்தும் அமிலத்தன்மையும் எப்படியிருக்கின்றன என்று பார்க்கட்டும். புல்லை உயரவிடாமல் மேய்த்தால் மசாலுக்கு வெயில் கிடைக்கும்.