எச்.ஐ.வி. கூட்டு மருந்து: ஆண் தாமதமாக வருகிறார், பெண் பாதியில் நிறுத்தப்படுகிறார்

எச்.ஐ.வி. உறுதியானால் சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) குறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இந்தியாவில் 2017 முதல் எல்லோருக்கும் உடனே கூட்டு மருந்து, அதுவும் இலவசம். திட்டம் இவ்வளவுதான்.

பெண்களில் பலருக்குக் கர்ப்ப காலப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடுகிறது. ஆண்களுக்கு அப்படி ஒரு சந்தர்ப்பமே இல்லை, பலர் காசநோய் வந்து உடம்பு உருகிய பிறகுதான் வருகிறார்கள், அதனால் சாவும் அவர்களிடம் அதிகம். மனைவிக்கு பாசிட்டிவ் என்றால் கணவரும் அதே வாரம் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். தனியார் லேப் ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு ஏ.ஆர்.டி. மையத்துக்கு (கூட்டு மருந்து தரும் இடம்) போகாதீர்கள், முதலில் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதித்து அந்த முடிவை வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு நாள் கூலி வீண்.

பெண்களுக்குச் சிக்கலே அதற்கப்புறம்தான். பிரசவத்துக்கு அம்மா வீடு போகிறவர் கிளம்பும் முன்பே அங்குள்ள மையத்துக்கு மாற்றுக் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள், நிறைமாத வயிற்றோடு ஊருக்கும் மையத்துக்கும் அலைய முடியாது. குழந்தைக்கு மருந்து கொடுக்கும் மும்முரத்தில் தாய் தன் மாத்திரையை விட்டுவிடுவதும் நடக்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அபாயம் ஆறு மடங்கு, அந்தப் பரிசோதனையை நீங்களாகவே கேளுங்கள், கேட்காமல் செய்துவிடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

'புருஷனுக்குச் சொல்லிவிடுவோம்' என்று மருத்துவமனையில் மிரட்டினால், 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தைச் சொல்லுங்கள்: அடிப்பார், கைவிடுவார் என்ற நியாயமான பயம் இருந்தால் மருத்துவப் பணியாளர் துணைவருக்குத் தெரிவிக்கக் கூடாது. கணவர் இறந்ததும் 'வெளியே போ' என்று மாமியார் வீட்டில் சொன்னாலும் கூடி வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது, வீடு அவர் பெயரில் இல்லாவிட்டாலும் சரி.

பிரசவமோ ஆபரேஷனோ எச்.ஐ.வி.யைக் காட்டி 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று தள்ளினால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பலருக்குக் குரல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் அதே எச்.ஐ.வி. சட்டப்படி மாநில குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவருக்குக் குறைதீர்ப்பாளர் அலுவலகமே எழுதிக்கொள்ள உதவ வேண்டும், 30 நாளில் உத்தரவு வர வேண்டும். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லையா, 1097-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.