விறைப்புக் குறைபாடு: சொல் விளக்கம்

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ‘ஆண்மைக்குறைவா? கவலை வேண்டாம்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டுப் பார்க்கும் வைத்தியரின் போன் நம்பரும் கீழேயே இருக்கும். புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கும் அதே சொல்லைத்தான் ஒட்டிவிடுகிறோம். அது தப்பு என்பது என் கட்சி.

ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் இருந்தது. ‘இம்பொடன்ஸ்’ என்பதற்கு லத்தீன் வேரில் வலிமையின்மை என்று பொருள். 1992இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு அதைக் கைவிட்டு, ‘எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்’, அதாவது விறைப்புக் குறைபாடு, என்று சொல்லப் பரிந்துரைத்தது. தமிழில் ‘ஆண்மை’ இன்னும் பெரிய சொல். வள்ளுவர் பிறன்மனை நோக்காததைப் பேராண்மை என்கிறார். அங்கே நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன வேலை?

‘விறைப்பு’ வீட்டுச் சொல். பனியில் கை விறைத்துப்போகும், கஞ்சி போட்ட வேட்டி விறைப்பாக நிற்கும். ‘விறைப்புக் குறைபாடு’ என்றால் உடம்பில் எது நடக்கவில்லையோ அதை மட்டும் சொல்கிறோம், ஆளை அல்ல. விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டின் இருபுறமும் ஒட்டியே ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றி அறுக்கும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் பாட்ரிக் வால்ஷ் 1982இல் செய்துகாட்டினார். அப்படிச் செய்தாலும் நரம்பு தேற ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம்.

விறைப்பு வேறு, ஆசை வேறு. இது புரியாமல்தான் பல வீடுகளில் பேச்சே நின்றுபோகிறது. ‘என்மேல் ஆசை விட்டுப்போச்சு’ என்று மனைவி நினைக்கிறார். கணவரோ, முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் தோளில் கைபோடுவதைக்கூட நிறுத்திவிடுகிறார். புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை என்றால் ஆசையே குறையலாம், ஆனால் அது மருந்தின் வேலை. புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் விந்து வராது. உச்சம் அப்போதும் வரலாம். இதை மனைவிக்கும் சேர்த்தே டாக்டர் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் மனைவியே கேட்கலாம்: “டாக்டர், ஆபரேஷனுக்கு அப்புறம் இவருக்கு விறைப்பு வரல. மாத்திரை இருக்கா?” சரி, கேட்கும்போதே கணவர் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லிவிடுங்கள். விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் மாத்திரையும் அதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும்.