67 நிமிடத் தீர்ப்பும் 30 ஆண்டு வழக்கும்

"விடுதலையானப்புறம் நான்தான் கொன்னேன்னு அவனே சொன்னாக்கூட ஒண்ணும் பண்ண முடியாதா சார்?" கொலை வழக்குகளில் பறிகொடுத்த குடும்பத்தார் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நம் நாட்டில் விடுதலையை எதிர்த்து மேல்முறையீடாவது செய்யலாம். அமெரிக்காவில் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, 'குற்றவாளி இல்லை' என்றால் அரசுக்கு அந்த வழியும் கிடையாது.

1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்கு வந்திருந்தான் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். வெள்ளைக்காரப் பெண்ணிடம் வம்பு செய்தான் என்று இரவில் தூக்கிப்போய்க் கொன்று ஆற்றில் போட்டார்கள். தாத்தா முறையான மோஸ் ரைட் நீதிமன்றத்தில் எழுந்து கையை நீட்டி ஆளைக் காட்டினார். கறுப்பர் ஒருவர் அந்த ஊரில் அதைச் செய்வது உயிரோடு விளையாடுவது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 67 நிமிடத்தில், குற்றம் சாட்டப்பட்ட ராய் பிரையன்ட், ஜே. டபிள்யூ. மைலம் இருவரையும் விடுவித்தது. மாவட்டத்தில் கறுப்பர்களே பெரும்பான்மை. ஆனால் வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயரும் இல்லை. பட்டியலில் இல்லாதவர் ஜூரியிலும் உட்கார முடியாது. நான்கு மாதம் கழித்து, கொன்றது தாங்கள்தான் என்று இருவரும் காசு வாங்கிக்கொண்டு பத்திரிகைக்குச் சொன்னார்கள். அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

மெட்கர் எவர்ஸ் வழக்கு வேறு மாதிரி போனது. கறுப்பர் உரிமைக்காகப் பாடுபட்ட அவரை 1963 ஜூன் 12 அன்று மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனில் அவர் வீட்டு வாசலிலேயே முதுகில் சுட்டார்கள். துப்பாக்கியின் தொலைநோக்கியில் வெள்ளை இனவெறியன் பைரன் டி லா பெக்வித்தின் கைரேகை. 1964இல் இரண்டு விசாரணை, இரண்டிலும் வெள்ளை ஆண்கள் மட்டுமே ஜூரி, இரண்டிலும் ஒருமித்த முடிவு வரவில்லை. பெக்வித் வெளியே வந்தான். ஆனால் விடுதலைத் தீர்ப்பு இல்லை! மாநிலச் சட்டத்தில் கொலைக்குக் காலவரம்பும் இல்லை. கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை.

1989இல் ஜெர்ரி மிட்செல் என்ற பத்திரிகையாளர் ஒன்றை வெளிக்கொண்டுவந்தார்: மாநில அரசே நடத்திய ஆணையம் ஒன்று, ஜூரிக்கு வரக்கூடியவர்களைப் பற்றித் துப்புத் திரட்டி பெக்வித்தின் தரப்புக்குக் கொடுத்திருந்தது. ஒரு பக்கம் அரசு வழக்கு நடத்துகிறது, மறுபக்கம் அரசே கொலையாளிக்கு ஒத்தாசை செய்கிறது. மனைவி மைர்லி எவர்ஸ் விடாமல் நெருக்கினார். அதிகாரிகளிடம் பழைய சாட்சியப் பதிவு இல்லை. மைர்லி ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்திருந்தார். (சாட்சியங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்கி வீட்டில் வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.) துப்பாக்கியோ, வழக்கை எடுத்த அரசு வழக்கறிஞரின் மறைந்த மாமனார் வீட்டில் கிடைத்தது, அவர் நீதிபதியாக இருந்தவர். 1991இல் எவர்ஸின் உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்தார்கள். சுட்டது நான்தான் என்று பெக்வித் பெருமையடித்ததைக் கேட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். 1994 பிப்ரவரி 5, எட்டுக் கறுப்பரும் நான்கு வெள்ளையரும் இருந்த ஜூரி அவனைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை, 2001இல் கைதியாகவே செத்தான்.

டில் வழக்கிலும் 2004இல் விசாரணையைத் திறந்தார்கள், மறுவருடம் உடலைத் தோண்டினார்கள். பிரையன்ட், மைலம் இருவரும் அதற்குள் இறந்திருந்தார்கள். மத்தியச் சட்டப்படி வழக்குப் போடும் காலக்கெடு எப்போதோ முடிந்திருந்தது. 2021 டிசம்பரில் மத்திய அரசின் நீதி அமைச்சகம் யார்மீதும் வழக்கில்லாமல் கோப்பை மூடியது.